‘அம்மா’வுக்கு ஐந்து கட்டம் போதும்

காலை ஏழு மணிக்கு முன் ஈப்போவின் புந்தோங்கிலிருந்து அழைப்பு வந்தால், அண்ணனின் பிரெயில் டிஸ்பிளே மறுபடியும் ஊமையாகிவிட்டது என்று பொருள். “தம்பி, கனெக்ட் ஆயிடுச்சின்னு சொல்லுது. கையில ஒண்ணும் வரல” என்பார். இந்தக் கோளாற்றைப் பற்றி எத்தனையோ பேரிடம் பேசிவிட்டேன். இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. புளூடூத் அடையாளம் திரையில் ஒளிர்கிறது. கைப்பேசியைப் பொறுத்தவரை அதன் வேலை முடிந்தது. கருவியின் மேல் வைத்த விரலுக்கோ வழவழப்பான பிளாஸ்டிக் மட்டும்தான் தட்டுப்படுகிறது.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணனிடம் இருப்பது, கைக்கு அடக்கமான ஒரு பெட்டி. முன்விளிம்பில் வரிசையாக 20 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எட்டுத் துளை. ஒவ்வொரு துளைக்கும் ஒரு சிறு ஊசிமுனை. கைப்பேசித் திரையில் வரும் எழுத்துக்குத் தக்கபடி அந்த முனைகள் எழும், அமிழும். எழுத்துக்கு ஆறு புள்ளி. கீழே உள்ள இரண்டு, பெரும்பாலும் கர்சர் எங்கே நிற்கிறது என்று காட்ட. இத்தகைய கருவிகளில் பலவற்றில் ஒவ்வொரு முனைக்கும் அடியில், மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. 20 கட்டம் என்றால் 160 தகடு. இப்படி ஒரு பெட்டி ஏன் சில ஆயிரம் ரிங்கிட் ஆகிறது, 40 கட்டம் உள்ளது ஏன் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது என்று கேட்பவர்கள் அந்த 160ஐ நினைத்துப் பார்க்கலாம்.

“போன்தான் பேசுதே, அப்புறம் எதுக்கு இது?” உதவ முன்வரும் நல்ல மனிதர்களே இப்படிக் கேட்கிறார்கள். பேசும் கைப்பேசி பெரிய வரம், மறுக்கவில்லை. ஆனால் காதால் கேட்பது வேறு, படிப்பது வேறு. லஹாட் சாலையைக் கடக்கும்போது காதில் இயர்போன் இருந்தால், பார்வையற்றவர் தன் ஒரே காவலாளியை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார் என்று அர்த்தம். வங்கி அனுப்பும் ரகசிய எண்ணைக் கடையின் நடுவே கைப்பேசி உரக்கச் சொன்னால் அது ரகசியமே அல்ல. காதும் கேட்காத, கண்ணும் தெரியாத ஒருவருக்கு அந்தப் பேச்சு இருந்தும் இல்லை. தமிழுக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. கலை, களை, கழை மூன்றையும் கைப்பேசிக் குரல் சொல்லும்போது எது எதுவென்று என்னாலேயே நிச்சயமாகச் சொல்ல முடிவதில்லை. விரலுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. பிரெயிலில் ‘ல’ என்பது இடப்பக்கத்து மூன்று புள்ளிகள். ‘ள’ என்பது வலப்பக்கத்து மூன்று புள்ளிகள். ‘ழ’வுக்கு ஐந்து புள்ளி, வலப்பக்கத்தின் மேல்புள்ளி மட்டும் இருக்காது. தொட்டவுடன் தெரியும்.

அண்ணன் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். பெரியம்மா மகன். பெரியம்மா பால்மரம் வெட்டினார். விடியுமுன் நெற்றி விளக்கோடு இறங்கினால், முதல் நாள் வெட்டு எங்கே நின்றது என்பதை விளக்கு காட்டுவதற்கு முன்பே அவர் விரல் கண்டுபிடித்துவிடும் என்று சொல்வார்கள். 1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளோடு பேராக்கில் காலூன்றிய ரப்பர், எங்கள் தோட்டத்தில் 1980களில் செம்பனைக்கு வழிவிட்டது. இன்று அங்கே வீடமைப்புத் திட்டம். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அண்ணனுக்குக் கண் அழுத்த நோயால் பார்வை போனது. அடுத்த ஆண்டு நாட்டின் தெற்குக் கோடியில் உள்ள விடுதிப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே மலாய் பிரெயிலும் ஆங்கில பிரெயிலும் நன்றாகவே கற்றார். பிறகு பல ஆண்டு தொலைபேசி இணைப்பாளர் வேலை. தொலைபேசி இணைப்பகங்கள் தானியங்கியானதும் அந்த வேலை போயிற்று. தமிழ் மட்டும் மூன்றாம் ஆண்டோடு நின்றுவிட்டது. பேசினார், பாடினார், பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தார். எழுதவோ படிக்கவோ இல்லை. விடுதியிலிருந்து தன் தாய்க்கு அவர் கையால் எழுதிய ஒரு கடிதமும் கிடையாது.

கருவி அவருக்குக் கிடைத்தது ஒரு நற்பணி நிகழ்ச்சியில். மேடை, மாலை, படம். பெட்டியில் ஆங்கிலத்தில் அச்சிட்ட கையேடு ஒன்று. அதைப் படிக்கக் கண் வேண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் கொடுத்ததால்தான் இதை எழுதுகிறேன். ஆனால் இரண்டாம் வாரமே அது அலமாரிக்குப் போனதையும் சொல்லத்தான் வேண்டும்.

இருபது ஆண்டாக ஈப்போவில் கணினியும் கைப்பேசியும் பழுது பார்ப்பவன் நான். எனக்கே இந்தக் கோளாறு பிடிபட மாதங்கள் ஆயின. ‘கனெக்டட்’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு சங்கதிகளை மூடி வைத்திருக்கிறது. முதலாவது, கைப்பேசியும் கருவியும் புளூடூத்தில் ஒன்றையொன்று அடையாளம் கண்டு, ஒரு ரகசியச் சாவியை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வது. இரண்டாவது, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்ல கைப்பேசிக்குள் இருக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் அந்தக் கருவியை ஏற்று, அதற்குப் புரியும் முறையில் அதனோடு பேசத் தொடங்குவது. முதல் முடிச்சு விழுந்ததுமே கைப்பேசி வெற்றி அறிவித்துவிடுகிறது. இரண்டாவது விழாவிட்டால் சொல்ல ஆள் இல்லை.

ஊமையான ஒவ்வொரு முறையும் காரணத்தை ஒரு நோட்டில் குறித்து வந்தேன். இரவில் கைப்பேசி தானாகவே அப்டேட் ஆகி மறுபடி எழுந்திருக்கும்; புளூடூத் தயாராகுமுன் திரைவாசிப்பான் விழித்து, கருவியைத் தேடிப் பார்த்து, இல்லை என்று விட்டுவிட்டிருக்கும். திரைவாசிப்பானை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். இன்னொரு நாள், அண்ணியின் கைப்பேசியோடு ஒருமுறை இணைத்துப் பார்த்த நினைவில் கருவி அதனோடு போய் ஒட்டிக்கொண்டது. வேறொரு நாள் கருவி தன்னை வெறும் விசைப்பலகையாக அறிமுகம் செய்துகொண்டது: தட்டினால் எழுத்து போகிறது, திரும்பி ஒன்றும் வரவில்லை. மலிவான ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் சிலவற்றில் மின்கலத்தைச் சேமிக்கிறேன் என்று திரைவாசிப்பானையே உறங்க வைத்துவிடும் வழக்கமும் உண்டு. எல்லாவற்றிலும் மோசமானது சாவி பொருந்தாமல் போவது. கைப்பேசி பழைய சாவியைத் தொலைத்துவிட்டது, கருவி பத்திரமாக வைத்திருக்கிறது. அப்போது இரண்டு பக்கமும் மறக்கச் செய்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். கைப்பேசியில் மட்டும் அழித்துவிட்டு, கருவியில் அழிக்காமல், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை நான் வீணாக்கியிருக்கிறேன்.

இவை ஒவ்வொன்றும் ஐந்து நிமிடக் கோளாறு. கண் உள்ளவருக்கு. நம் கைப்பேசியின் திரை வாரம் ஒருமுறை காரணமில்லாமல் கறுத்துப்போய், அதைச் சரிசெய்யும் பொத்தான் அந்தக் கறுத்த திரைக்குள்ளேயே இருந்தால் நாம் அதை ஒரு மாதம் வைத்திருப்போமா? பத்தில் ஒன்பது முறை வேலை செய்யும் படிப்புக் கருவியை யாரும் நம்புவதில்லை. நேர்காணலுக்குப் போகும்போது எடுத்துப் போவதில்லை. கோவில் கூட்டத்தில் அறிக்கை வாசிக்க எடுத்துப் போவதில்லை. மெல்ல மெல்ல அது அலமாரியில் ஏறிவிடுகிறது. பிறகு, “பிரெயில் எல்லாம் இப்ப யாரும் படிக்கிறது இல்ல” என்று நாமே சொல்லிக்கொள்கிறோம்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வரலாறு உண்டு. வெகுகாலம் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் கருவிக்கென்று தனிப் பேச்சுமுறை வைத்திருந்தார்கள். திரைவாசிப்பானை எழுதுபவர்கள் அத்தனை முறைகளையும் கற்க வேண்டியிருந்தது. 1995இல் தொடங்கிய பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்ற கட்டற்ற மென்பொருள், தன்னார்வலர்களின் உழைப்பால் அந்த முறைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தது. கூகுளின் பிரெயில் ஆதரவும் அதன் தோளில்தான் ஏறி நின்றது. ஐபோனின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவர் 2009இல் வந்தது, அடுத்த ஆண்டே புளூடூத் பிரெயில் கருவிகளை ஏற்றது. ஆண்ட்ராய்டில் பிரெயில் ஆதரவு 2012இல் பிரெயில்பேக் என்ற தனிச் செயலியாக வந்து, 2022இல்தான் அதன் திரைவாசிப்பானான டாக்பேக்குக்குள்ளேயே இடம் பெற்றது.

இதற்கு நடுவே, 2018 மே மாதத்தில், யூஎஸ்பி தரங்களை வகுக்கும் அமைப்பு பிரெயில் டிஸ்பிளேக்களுக்கான எச்.ஐ.டி. தரத்தை அறிவித்தது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட் மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்த அரிய தருணம் அது. எந்தக் கடையில் வாங்கிய மவுஸும் எந்தக் கணினியிலும் செருகியவுடன் வேலை செய்கிறதல்லவா? பிரெயில் கருவியும் அப்படியே ஆக வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். நல்ல முடிவு. ஆனால் ஆண்ட்ராய்டில் அந்தப் பொதுவழி, 2024இல் வெளிவந்த 15ஆம் பதிப்போடுதான் திறந்தது. தோட்டப்புறத்திலிருந்து வந்து மலிவு அடுக்குமாடிகளில் வாழும் நம் மக்களிடம் புதிய கைப்பேசி எங்கே இருக்கிறது? மகன் மாற்றியதும் அப்பாவுக்கு வருவது, மகளின் உடைந்த திரை அம்மாவுக்கு வருவது. கண் தெரியாதவருக்கு உடைந்த திரை போதும் என்று நினைக்கும் வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பழைய கைப்பேசிக்கு 15ஆம் பதிப்பு வரப்போவதில்லை. ஆகவே கருவிக்கு மட்டும் நிதி திரட்டி, கைப்பேசியைப் பயனாளியின் தலையில் விட்டுவிடுவது, மாட்டைக் கொடுத்துவிட்டுக் கயிற்றைக் கொடுக்க மறந்த கதைதான்.

நம்பகம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியாமல் இல்லை. பெர்கின்ஸ் பிரெயிலர் என்ற தட்டச்சுப் பொறி 1951இல் வெளிவந்தது. ஆறு விசை, ஒரு இடைவெளிக் கட்டை, உலோக உடம்பு. அண்ணன் விடுதியில் தட்டிய அதே வகைப் பொறிகள் இன்றும் உலகமெங்கும் வேலை செய்கின்றன. கடவுச்சொல் கேட்பதில்லை, அப்டேட் கேட்பதில்லை. தட்டினால் புள்ளி விழும். அதே 1951இல்தான் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் தோன்றியது. அதே ஆண்டில்தான் இந்திய மொழிகள் அனைத்துக்குமான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. தமிழுக்கு இன்று வழங்கும் பிரெயில் அதன் ஒரு கிளை. மூன்றும் ஓராண்டுப் பிள்ளைகள். ஆனால் பேராக்கில் பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளையின் கையில் மூன்றும் ஒன்றுசேர ஏறக்குறைய எழுபது ஆண்டு பிடித்திருக்கிறது.

இப்போது தமிழுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் வலித்த இடம் இதுதான்.

இணைப்பு எல்லாம் சரியாகி, ஊசிமுனைகள் எழுந்த முதல் நாள். நான் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு சொல் அனுப்பினேன்: அம்மா. விரலை ஓட்டியவர் முகம் சுளித்தார். “என்னா இது, நம்பரா வருது?” கைப்பேசிக்குத் தமிழ் எழுத்து தெரியும், கருவிக்குப் புள்ளி தெரியும், ஆனால் இந்த எழுத்துக்கு இந்தப் புள்ளி என்று சொல்லும் அட்டவணை அங்கே தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஆங்கில அட்டவணை, தனக்குத் தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக அதன் யூனிகோடு எண்ணை, முன்னும் பின்னும் குறியிட்டு, எட்டு எட்டுக் கட்டமாக உமிழ்ந்துகொண்டிருந்தது. ‘அம்மா’ என்பது கணினிக்கு ஐந்து குறி: அ, ம, புள்ளி, ம, கால். ஐந்தெட்டு நாற்பது. 20 கட்டக் கருவியில் அம்மாவைப் படிக்க இரண்டு முழு வரி!

முறையான தமிழ் பிரெயிலில் அது ஐந்தே கட்டம். முதல் கட்டத்தில் 1ஆம் புள்ளி, அது அ. அடுத்ததில் 4ஆம் புள்ளி மட்டும், அது மெய்யைக் காட்டும் புள்ளி. பிறகு 1, 3, 4 சேர்ந்த ம, மறுபடியும் ம, கடைசியில் 3, 4, 5 சேர்ந்த ஆ. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அச்சில் நாம் ‘ம’வை எழுதிவிட்டுத் தலையில் புள்ளி வைக்கிறோம், கணினியும் அந்த வரிசையிலேயே சேமிக்கிறது. பிரெயிலில் புள்ளி முன்னால் வரும். விரல் இடமிருந்து வலமாகப் போகிறது, வரப்போவது மெய் என்று அதற்கு முன்கூட்டியே தெரிய வேண்டுமல்லவா? ஆக, நடுவே நிற்கும் மென்பொருள் ஒவ்வொரு மெய்யெழுத்திலும் வரிசையைப் புரட்டிப் போட வேண்டும். எழுதும்போது மறுபடியும் திருப்பிப் புரட்ட வேண்டும். ‘க’வைத் தட்டியபின் ‘இ’யைத் தட்டினால் அதைத் தனி எழுத்தாக விடாமல் ‘கி’ ஆக்க வேண்டும். இதில் ஒரு இடத்தில் பிசகினாலும் படிப்பவருக்கு அது பிழையான தமிழாகத்தான் தெரியும். பிழை தன்னுடையது என்று நினைத்துக்கொள்வார்.

இதற்கான அட்டவணை உலகத்தில் இல்லாமல் இல்லை. லிப்லூயி என்ற கட்டற்ற மென்பொருள் நூலகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அட்டவணைகள் இருக்கின்றன, தமிழும் அவற்றில் ஒன்று. கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் அதைத்தான் பயன்படுத்துகிறது. கைப்பேசிகளிலும் அந்நூலகம் புகுந்துவிட்டது. குறை என்னவென்றால், மலேசியாவில் விற்கும் கைப்பேசியில் மலாயும் ஆங்கிலமும்தான் முன்னால் நிற்கும்; பிரெயில் மொழிப் பட்டியலுக்குள் போய்த் தமிழைச் சேர்க்க ஒருவர் வேண்டும். சேர்த்தபின் அது சரியாகப் புள்ளி போடுகிறதா என்று சொல்ல, தமிழ் பிரெயில் அறிந்த ஒருவர் வேண்டும். பேராக்கில் மட்டும் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் எந்த ஆசிரியர் அறைக்காவது போய், ‘ழ’வுக்கு எத்தனை புள்ளி என்று கேட்டுப் பாருங்கள்.

கற்பது மலையைப் பெயர்க்கும் வேலை அல்ல. பாரதி பிரெயிலை வகுத்தவர்கள் ஒலியைப் பார்த்து எழுத்தைப் பொருத்தினார்கள். ஆங்கில பிரெயிலின் கே, சி, டி, என், பி, எம், ஒய், ஆர், எல், வி ஆகிய பத்தும் அப்படியே தமிழின் க, ச, த, ந, ப, ம, ய, ர, ல, வ. பதினெட்டு மெய்யில் பத்து, ஆங்கில பிரெயில் தெரிந்த எவருக்கும் ஏற்கெனவே தெரியும். மிச்சம் எட்டு: ங, ஞ, ட, ண, ழ, ள, ற, ன. இதை நான் சொன்னதும் அண்ணன் வெகுநேரம் பேசாமல் இருந்தார். “அப்ப நாப்பத்தஞ்சு வருஷமா பாதி தமிழ் என் கையிலயே இருந்திருக்கு. ஒருத்தரும் சொல்லல.” மூன்றே வாரத்தில் மிச்சத்தையும் பிடித்துவிட்டார்.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்றும் இருக்கிறது. நாம் ஒரே செய்தியில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் கலந்து எழுதுகிறோம். கண்ணுக்கு எழுத்து மாறுவது தெரிகிறது. விரலுக்குத் தெரிவது ஒரே ஆறு புள்ளி. ‘சாப்பிடு’ என்பதற்கான மலாய்ச் சொல்லான ‘மாக்கான்’ தமிழ் அட்டவணைக்காரர் விரலில் ம-அ-க-அ-ந என்று ஓடும். பழகினால் ஊகிக்கலாம். ஆனால் திரைவாசிப்பான் மொழியைத் தவறாகக் கணித்து, ஆங்கிலச் சுருக்கெழுத்துப் பிரெயிலை நடுவில் நுழைத்துவிட்டால் அந்த வரி குப்பை. அதனால்தான் பார்வையற்ற தமிழர்கள் பலர் தங்களுக்குள் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதிக்கொள்கிறார்கள். அது வழுக்காமல் போகிறது. ஆனால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன, ந, ன, ண மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. மொழியின் பாதி முகம் அதில் இல்லை.

இந்த நாட்டில் பார்வையற்றோருக்கான பணி இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1926இல் தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் இல்லம் பினாங்கில் இருக்கிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கமும், 1986 முதல் தேசிய மன்றமும் இருக்கின்றன. எங்கள் பேராக்கில், தெமோவில், தாமான் ஹராப்பான் என்ற பெயரில் பார்வையற்றோருக்கு விவசாயப் பயிற்சி கொடுத்த காலம் ஒன்று இருந்தது. தோட்டங்கள் சூழ்ந்த மாநிலத்தில் அது பொருத்தமான சிந்தனை. இன்றைய பிழைப்பு மண்ணில் இல்லை, கைப்பேசியில் இருக்கிறது. அதற்கு இணையான ஓர் இடம் ஈப்போவில் வேண்டும். 2008ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம், தன் 30ஆம் பிரிவில் தகவல் தொழில்நுட்பத்தை அணுகும் உரிமையைப் பேசுகிறது. மீறினால் தண்டனை என்ற பல் அதற்கு இல்லை என்பது பழைய புகார். நூல்களை அணுகத்தக்க வடிவில் ஆக்க வழிவிடும் மராகேஷ் உடன்படிக்கையில் மலேசியா 2022இல் சேர்ந்தது. நம் தமிழ் எழுத்தாளர்களின் நூல்களைப் பிரெயில் கோப்பாக்க வழி திறந்திருக்கிறது. கோப்பு வந்தாலும் கடைசியில் அது போய்ச் சேர வேண்டிய இடம் அந்த 20 கட்டம்தான்.

நான் கேட்பது பெரிய தொகையை அல்ல, தொகையைச் செலவிடும் முறையை. கருவி வாங்கித் தரும் சங்கமோ, கோவிலோ, அரசு அலுவலகமோ, எத்தனை கருவி கொடுத்தோம் என்று எண்ணுவதை நிறுத்தி, ஓராண்டு கழித்து எத்தனை கருவி தினமும் தொடப்படுகிறது என்று எண்ணட்டும். எச்.ஐ.டி. தரம் இல்லாத கருவியை இனி வாங்க வேண்டாம். கேபிள் வழியாகவும் வேலை செய்ய வேண்டும் என்று கேளுங்கள். புளூடூத் கைவிடும் நாளில் கேபிள்தான் கைகொடுக்கும். பணம் கட்டுமுன், பெறப்போகிறவரின் சொந்தக் கைப்பேசியோடு சோதியுங்கள். கைப்பேசியை அணைத்துப் போடுங்கள். கருவியை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வாருங்கள். இணைப்பை அழித்து மறுபடி போடுங்கள். இவ்வளவுக்கும் பிறகு, யார் கையும் படாமல் முனைகள் தாமாக எழுகின்றனவா? கடைசியாக ‘அம்மா’ என்று அனுப்புங்கள். ஐந்து கட்டத்துக்கு மேல் வந்தால் விற்பவரைத் திருப்பி அனுப்புங்கள்.

கருவிக்கு வைக்கும் நிதியில் ஒரு பங்கை ஆளுக்கு வையுங்கள். சம்பளம் வாங்கும் ஆள், பார்வையற்ற ஆள். இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஐந்து மாதத்தில் கற்றதை அண்ணனின் நண்பர் ஒருவர் ஒரே மாலையில் தொலைபேசி வழியாக அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார். திரையைப் பார்த்துப் பழகிய என் கண், கைப்பேசி என்ன சொல்கிறது என்று கேட்கவே விடவில்லை. நாடி எனப்படும் சமூக இணைய மையங்கள் பேராக் முழுக்க இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் அங்கே இப்படி ஒருவர் உட்கார்ந்தால் சுங்கை சிப்புட்டிலிருந்தும் தாப்பாவிலிருந்தும் யாரும் கோலாலம்பூருக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. பழுதுக்காகக் கருவி வெளியூரோ வெளிநாடோ போகும்போது கையில் இருக்க ஒரு மாற்றுக் கருவியும் அங்கேயே இருக்கட்டும். நம் ஊர் ஈரப்பதமும் விரல் வியர்வையும் முனைகளை அடைக்கத்தான் செய்யும். படிக்கிறவரிடமிருந்து படிப்பை மூன்று மாதம் பிடுங்கி வைப்பது நியாயமில்லை.

தமிழ் அட்டவணையை யார் பார்த்துக்கொள்வது? இதற்கு வெளியே கையேந்த வேண்டியதில்லை. தமிழைக் கணினியிலும் கைப்பேசியிலும் ஏற்றிய கதையில் மலேசியத் தமிழருக்கு முன்வரிசை உண்டு. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளும் செல்லினம் செயலியும் இங்கே பிறந்தவை. 2013 முதல் ஐபோனிலேயே அஞ்சல் விசைமுகம் இருக்கிறது. கண்ணுள்ள தமிழருக்குச் செய்ததைக் கண்ணில்லாத தமிழருக்கும் செய்ய நம்மிடம் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. லிப்லூயி அட்டவணை வெறும் எழுத்துக் கோப்பு, யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். ஒரு தமிழாசிரியர், ஒரு நிரலர், தமிழ் பிரெயில் அறிந்த இரண்டு பேர். கிரந்த எழுத்து, எண்கள், நிறுத்தற்குறி, கலப்பு மொழி என்று சோதனை வரிகளை எழுதி, ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் ஓட்டிப் பார்த்து, பிழையை உரிய இடத்தில் பதிவு செய்தால் போதும். தமிழ் பிரெயிலின் பிழையைத் தமிழர் சொல்லாவிட்டால் கலிபோர்னியாவில் யார் கண்டுபிடிப்பார்?

1960இல், தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தபோது, சுங்கை சிப்புட்காரரான துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தார்கள். தனித்தனியே எவராலும் வாங்க முடியாத தோட்டத்தை அப்படித்தான் சேர்ந்து வாங்கினார்கள். ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு கோளாறு, ஆளுக்கொரு அலமாரி என்று இப்போது சிதறிக் கிடப்பதைப் பார்க்கும்போது அந்த நினைவு எனக்கு அடிக்கடி வருகிறது. இருபது பேர் சேர்ந்து ஒரே வகைக் கருவியை, ஒரே வகைக் கைப்பேசியோடு வாங்கினால், ஒருவருக்குத் தெரிந்த தீர்வு இருபது பேருக்கும் தீர்வு.

சென்ற மாதம் அண்ணன் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக் கொடுத்தார். உள்ளே, அவர் விடுதியில் இருந்தபோது பெரியம்மா அனுப்பிய கடிதங்கள். பெரியம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்லத் தோட்டப் பள்ளி வாத்தியார் எழுதியவை. விடுதியில் அவற்றை வாசித்துக் காட்டத் தமிழ் தெரிந்த கண்ணுள்ளவர் இல்லை. விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது வாசித்துக் காட்ட எங்களில் பலர் இருந்தோம். அவர்தான் விடவில்லை. அம்மா தனக்கென்று சொன்னதை அடுத்தவர் வாயால் கேட்க அவருக்குப் பிடிக்கவில்லை. பெரியம்மா போய்ப் பன்னிரண்டு ஆண்டாகிறது.

நான் ஒவ்வொன்றாகக் கைப்பேசியில் தட்டி அனுப்பினேன். எதையும் வாய்விட்டுப் படிக்கவில்லை. அண்ணன் திரைவாசிப்பானின் குரலை அணைத்துவிட்டு, கருவியை மடியில் வைத்துக்கொண்டார். கேட்டதெல்லாம் முனைகள் மாறும் சிறு சலசலப்பு மட்டும்தான். முதல் கடிதம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது, ஒரு இடத்தில் சிரித்தார். மூன்றாவதில், ஒரு வரியின் நடுவே, அத்தனை முனைகளும் ஒரே நொடியில் அமிழ்ந்தன. என் கையில் இருந்த கைப்பேசி ‘கனெக்டட்’ என்றே காட்டியது. அண்ணன் விரலை எடுக்கவில்லை, நின்ற கட்டத்திலேயே வைத்திருந்தார். “கேபிள் எங்க தம்பி?” என்றார். நான் எழுந்து தேடத் தொடங்கினேன்.